இரட்டையர் பேற்றில் திட்டமிட்ட சிசேரியனும் தூண்டிய பிரசவமும்: ஒரு தெரிவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இரட்டைக் கருவுற்ற பெண் 36ஆம் வாரத்தை நெருங்கும்போது இரு வழிகள் அவர்முன் வைக்கப்படுகின்றன. ஒன்று, நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்வது. மற்றொன்று, மருந்தால் வலியைத் தூண்டிப் பிறப்புவழியே குழந்தைகளைப் பெறுவது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றான தெரிவுகளாக அமைந்தது அண்மைக்கால நிகழ்வாகும். அறுவையும் தூண்டலும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றி வெவ்வேறு பாதைகளில் வளர்ந்தவை. இரட்டையரை முன்கூட்டியே கண்டறியும் மீயொலிப் படமும், பேற்றுக்கு உரிய காலம் பற்றிய எண்ணியல் ஆய்வுகளும் ‘தானாக வலி வரும்வரை காத்திருத்தல்’ என்னும் மூன்றாவது வழியைப் படிப்படியாக அகற்றிய பின்னரே இவை நேருக்குநேர் நின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். 2013ஆம் ஆண்டு வெளியான இரட்டையர் பிறப்பாய்வின் முடிவு, இரண்டாம் குழந்தையை வெளிக்கொணரும் கைத்திறன் வாய்ந்த மருத்துவர் உடனிருத்தலைச் சார்ந்தது என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டையர், சிசேரியன், தூண்டிய பிரசவம், மகப்பேற்று மருத்துவ வரலாறு, இரட்டையர் பிறப்பாய்வு, இசைவு

முன்னுரை

மகப்பேற்று மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையோ மருத்துவர்களின் வரலாற்றையோ எழுதுகின்றனர். ஒரு குறிப்பிட்ட முடிவு எவ்வாறு முடிவெடுக்க வேண்டிய பொருளாயிற்று என்னும் வினா அவற்றில் பின்தங்கிவிடுகிறது. இரட்டையர் பேறு இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களம். ஒரு குழந்தையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் எழாத கேள்வி, இரட்டையரைச் சுமக்கும் பெண்ணுக்குத் தவறாமல் எழுகிறது. அவருக்கு நாள் குறிக்கப்படுகிறது; வழி மட்டுமே தெரிவுக்கு விடப்படுகிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு தேவை. பேச்சுத் தமிழில் அறுவையின்றி நிகழும் பேற்றைச் ‘சுகப்பிரசவம்’ என்றும் ‘நார்மல் டெலிவரி’ என்றும் வழங்குகிறோம். மருந்தால் வலி தூண்டப்பட்டு, இரு குழந்தைகளின் இதயத் துடிப்பும் தொடர்ந்து பதிவுசெய்யப்பட்டு, அறுவை அரங்கின் அருகிலேயே நிகழ்ந்து, இரண்டாம் குழந்தை காலைப் பற்றி வெளிக்கொணரப்படும் ஒரு பேறு இவ்விரு சொற்களுக்குள்ளும் அடங்காது. எனவே இக்கட்டுரை ‘பிறப்புவழிப் பேறு’ என்னும் தொடரையே ஆள்கிறது. ‘சிசேரியன்’ தமிழில் நிலைபெற்றுவிட்டமையால் அவ்வாறே கொள்ளப்படுகிறது.

1. இரண்டாம் குழந்தை என்னும் சிக்கல்

மீயொலிக் கருவிக்கு முந்தைய காலத்தில் இரட்டையர் என்பது பல வேளைகளில் முதற்குழந்தை பிறந்த பின்னரே தெரியவந்த செய்தி. வயிற்றின் பருமன், கையால் தடவி உணரப்படும் இரு தலைகள், இரு இதய ஒலிகள் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்த மருத்துவச்சியோ மருத்துவரோ ஊகிக்க முடிந்தது. ஆயினும் அந்த ஊகம் தவறுவதும் உண்டு. ஆகவே ‘எவ்வழியில் பெறுவது’ என்னும் கேள்வி பேற்றுக்கு முன்னர் எழ இடமில்லை. எழுந்த கேள்வி வேறு: முதற்குழந்தை பிறந்துவிட்டது; உள்ளே இருப்பதை என்ன செய்வது?

இக்கேள்விக்கு மருத்துவக் காரணம் உண்டு. முதற்குழந்தை வெளியேறியதும் கருப்பை சுருங்குகிறது; நஞ்சுக்கொடி உரிய காலத்திற்கு முன்னரே பிரியக்கூடும். அதுவரை நெருக்கத்தில் இருந்த இரண்டாம் குழந்தை, கிடைத்த இடத்தில் குறுக்காகத் திரும்பிவிடலாம். பனிக்குடம் உடையும்போது தொப்புள்கொடி முன்னே சரிந்து நசுங்கலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் குழந்தைக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது.

இதற்கான பழைய விடை கைத்திறன். கருப்பைக்குள் கையைச் செலுத்திக் குழந்தையின் காலைப் பற்றித் திருப்பி வெளிக்கொணரும் முறையைப் பண்டைய மருத்துவர் சொரானசு அறிந்திருந்தார். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே அதனை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தார். குறுக்கு நிலையில் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் உரிய முறையாக இருந்த இது, பிற்காலத்தில் பெரிதும் இரண்டாம் இரட்டைக்கே உரியதாக எஞ்சியது. இக்குறுகல் இக்கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியத்துவம் பெறும்.

கண்டறியப்படாத இரட்டையர் 20ஆம் நூற்றாண்டில் புதியதொரு இடரைச் சந்தித்தனர். ஜான் சாசர் மோயர் 1932-இல் தொடங்கிய ஆய்வுகளின் பயனாக 1935-இல் எர்கோமெட்ரின் தனித்தெடுக்கப்பட்டது. பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கால் நேரும் இறப்பைத் தடுப்பதில் இம்மருந்தின் பங்கு பெரிது. பின்னர், குழந்தை வெளிவரும்போதே இதனைச் செலுத்தும் வழக்கம் பரவியது. உள்ளே இன்னொரு குழந்தை இருப்பதை அறியாமல் செலுத்தினால், இறுகிய கருப்பைக்குள் அக்குழந்தை சிக்கிக்கொள்ளும். தாயைக் காக்கும் மருந்தே இரண்டாம் குழந்தைக்கு ஆபத்தாகும் இந்நிலை, இரட்டையரை முன்கூட்டியே அறிவதன் தேவையை மருத்துவர்க்கு உணர்த்திற்று.

2. அறுவையின் பாதை

சிசேரியன் இரட்டையருக்காகத் தோன்றிய முறையன்று. குறுகிய இடுப்பெலும்பால் குழந்தை வெளிவர இயலாத நிலைக்கான இறுதி முயற்சியாகவே அது 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. தாய் பிழைப்பது அரிது. 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ, குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றி ஒரு தாயைக் காப்பாற்றினார். குருதிப்போக்கையும் தொற்றையும் தவிர்க்கக் கருப்பையையே இழக்க வேண்டியிருந்தது என்பது அக்காலத்தின் அளவுகோலைக் காட்டுகிறது. 1882-இல் ஜெர்மனியின் மாக்சு சேங்கர் கருப்பை வெட்டைத் தைக்கும் முறையை வலியுறுத்தினார். 1920களில் கிளாசுகோவின் மன்றோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது இதன் வழிவந்த முறையே. குருதியேற்றமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் மேம்பட்ட மயக்க மருத்துவமும் இணைந்தபின், இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் சிசேரியன் இறுதி முயற்சி என்னும் நிலையிலிருந்து மாறித் திட்டமிடத்தக்க அறுவையாயிற்று.

இம்மாற்றமே வாதத்தின் அச்சை நகர்த்தியது. தாயின் உயிருக்கு அஞ்சி அறுவையைத் தவிர்த்த காலம் போய், குழந்தையின் நலனுக்காக அறுவையை நாடும் காலம் வந்தது. இரட்டையரில் முதற்குழந்தை பிட்டநிலையிலும் இரண்டாம் குழந்தை தலைகீழ் நிலையிலும் இருந்தால், இரு தலைகளும் பின்னிக்கொள்ளும் அரிய இடர் உண்டு. அத்தகைய நிலைகளிலிருந்து தொடங்கி, இரண்டாம் குழந்தை தலைகீழாக இல்லாத நிலைக்கும் அறுவை பரிந்துரைக்கப்பட்டது. 1987-இல் இசுரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட சமவாய்ப்பு ஆய்வு, இரண்டாம் குழந்தை தலைகீழாக இல்லாத 60 இரட்டைப் பேறுகளை இருவழிகளாகப் பிரித்து நோக்கியது. குழந்தைகளின் நலனில் வேறுபாடு புலப்படவில்லை. ஆயினும் 60 என்பது அரிய இடர்களை அளக்கப் போதிய எண்ணிக்கையன்று. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இவ்வொரு சிறிய ஆய்வே சமவாய்ப்பு முறையிலான சான்றாக இருந்தது.

3. தூண்டலின் பாதை

பிரசவத்தைத் தூண்டும் முறைக்கும் தொடக்கம் குறுகிய இடுப்பெலும்புதான். 1756-இல் இலண்டன் மருத்துவர்கள் கூடி, குழந்தை மிகுதியாக வளருமுன் பிரசவத்தைத் தூண்டுவது பயனுடையதா, பாதுகாப்பானதா, அறமுடையதா எனக் கலந்தாய்ந்ததைத் தாமசு டென்மன் பதிவுசெய்துள்ளார். அதாவது, தூண்டல் தொடக்கத்தில் சிசேரியனைத் தவிர்க்கும் வழியாகவே வந்தது. பனிக்குடத்தை உடைப்பதே அன்றைய முறை.

மருந்து வழியிலான தூண்டல் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. 1906-இல் என்றி டேல், கபச்சுரப்பியின் பின்மடல் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். 1909-இல் லிவர்பூலின் வில்லியம் பிளேர்-பெல் அதனை மகப்பேற்றில் பயன்படுத்தினார். ஒரே ஊசியாகச் செலுத்தியபோது கருப்பை கிழியும் இடர் இருந்தது. 1948-இல் தியோபால்டு அதனைச் சிறு அளவில் நரம்புவழிச் சொட்டாகச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1953-இல் வின்சென்ட் து விக்னோ ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தொகுத்தார்; 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1964-இல் எட்வர்டு பிஷப், கருப்பை வாயின் பக்குவத்தை மதிப்பெண்ணால் அளக்கும் முறையைத் தந்தார். 1968-இல் கம்பாலாவில் சுல்தான் கரீம் புரோசுடாகிளாண்டின் கொண்டு பிரசவத்தைத் தூண்டிக் காட்டினார். பக்குவப்படாத கருப்பை வாயையும் மருந்தால் பக்குவப்படுத்தும் வழி இதன்பின் திறந்தது.

இப்பாதையில் ஒரு திருப்பம் கவனத்திற்குரியது. இங்கிலாந்தில் 1974-இல் ஏறத்தாழ 39 விழுக்காட்டுப் பிரசவங்கள் தூண்டப்பட்டவை. பெண்களின் அமைப்புகளும் இதழ்களும் இதனைக் கடுமையாகக் கண்டித்தன. மருத்துவமனையின் வசதிக்காகப் பெண்ணின் உடலின்மீது நாள் குறிக்கப்படுகிறது என்பதே குற்றச்சாட்டு. அன்று தூண்டல் ‘தலையீடு’ என்பதன் அடையாளம். இரட்டையர் பற்றிய இன்றைய உரையாடலில் அதே தூண்டல் சிசேரியனுக்கு மறுபக்கத்தில், ‘இயல்பான’ பேற்றின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. தூண்டல் மாறவில்லை, அது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதே மாறியது. 1974-இன் ஒப்பீடு காத்திருத்தலோடு. இன்றைய ஒப்பீடு அறுவையோடு. இடையில் காத்திருத்தலுக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்த இரு பகுதிகள் ஆராய்கின்றன.

4. முன்கூட்டியே அறிதல்

1958-இல் கிளாசுகோவில் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் மீயொலி கொண்டு வயிற்றின் உள்ளே காணும் முறையை வெளியிட்டனர். அடுத்த இரு பதிற்றாண்டுகளில் இரட்டையரை முன்னரே அறிவது வழக்கமாயிற்று. இதன் விளைவு இருவகைப்பட்டது. ஒன்று, முதற்குழந்தையின் கிடப்பு, இரண்டாம் குழந்தையின் கிடப்பு, இருவரின் எடை ஆகியவை பேற்றுக்கு முன்னரே அறியத்தக்கவை ஆயின. மற்றொன்று, இரட்டையர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பது கருவிலேயே தெரியவந்தது.

இரட்டையரைப் பொதுவழக்கில் ஒரே முகச்சாயலுடையோர், வேறு சாயலுடையோர் எனப் பிரிக்கிறோம். பேற்றைத் திட்டமிடும் மருத்துவர்க்கு வேண்டியது இப்பிரிவன்று. நஞ்சுக்கொடி தனித்தனியா, பொதுவா என்பதும், பனிக்குடம் தனித்தனியா, ஒன்றா என்பதுமே அவர்க்கு வேண்டியவை. நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையரிடையே குருதிக்குழாய்கள் இணைந்திருக்கும். ஒரு குழந்தையிலிருந்து மற்றொன்றுக்குக் குருதி அளவுமீறிச் செல்லும் இடர் உண்டு. ஒரே பனிக்குடத்தைப் பகிர்வோர்க்குத் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் இடரும் சேர்கிறது. கருவின் தொடக்க மாதங்களில் எடுக்கப்படும் படத்தில் சவ்வு நஞ்சுக்கொடியோடு சேரும் இடத்தின் வடிவத்தைக் கொண்டு இதனை அறியலாம். கிரேக்க எழுத்தான லாம்டாவின் வடிவில் அமைந்தால் நஞ்சுக்கொடி தனித்தனி. ஆங்கில எழுத்தான ‘டி’யின் வடிவில் அமைந்தால் பொது. இந்தச் சிறு அடையாளமே இன்று பேற்றின் நாளைத் தீர்மானிக்கிறது.

5. காத்திருத்தல் விலகிய விதம்

இரட்டையர் பலர் 37 வாரங்களுக்கு முன்னரே பிறந்துவிடுகின்றனர். அவ்வாறு பிறவாதோர் பற்றியதே தெரிவு. 38 வாரங்களுக்குப் பின்னரும் கருவில் தொடர்வது பயனா, இடரா என்பதைக் குறித்து 2012-இல் ஆசுதிரேலியாவின் ஜோடி டாட் குழுவினர் ஒரு சமவாய்ப்பு ஆய்வை வெளியிட்டனர். சிக்கலற்ற இரட்டைக் கருவுற்ற 235 பெண்களில் ஒரு குழுவினர்க்கு 37ஆம் வாரத்தில் பேறு திட்டமிடப்பட்டது. மற்றக் குழுவினர்க்கு 38 வாரத்திலோ அதன் பின்னரோ. குழந்தைகளுக்கு நேர்ந்த கடும் பாதகம் முதற்குழுவில் 4.7 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 12.2 விழுக்காடு. இவ்வேறுபாடு பெரிதும் மிகக் குறைந்த பிறப்பெடையால் விளைந்தது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

2016-இல் 32 ஆய்வுகளின் 35,171 இரட்டைக் கர்ப்பங்களைத் தொகுத்தாய்ந்த கட்டுரை, வாரந்தோறும் இரு இடர்களை ஒப்பிட்டது: காத்திருந்தால் கருவில் இறக்கும் இடர், பிறந்தால் பச்சிளங்குழவியாக இறக்கும் இடர். தனித்தனி நஞ்சுக்கொடியுடைய இரட்டையரில் இவ்விரண்டும் 37ஆம் வாரத்தை ஒட்டிச் சமமாக இருந்தன. அதன்பின் ஒரு வாரம் தாழ்த்தினால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9 இறப்புகள் கூடுதலாயின. பகிர்ந்த நஞ்சுக்கொடியுடையோர்க்கு 36 வாரத்திற்குப் பின் காத்திருத்தல் இடராகும் போக்குத் தென்பட்டது.

வழிகாட்டிகள் இச்சான்றுகளை வெவ்வேறாகப் படித்தன. பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிக்கலற்ற தனி நஞ்சுக்கொடி இரட்டையர்க்கு 37ஆம் வாரத்திலும், நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து பனிக்குடம் தனித்திருப்போர்க்கு 36ஆம் வாரத்திலும், ஒரே பனிக்குடத்தில் இருப்போர்க்கு 32 முதல் 33 வாரம் 6 நாள் வரையிலும் பேற்றைத் திட்டமிடப் பரிந்துரைத்தது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் தனி நஞ்சுக்கொடி இரட்டையர்க்கு 38ஆம் வாரத்தைக் குறிக்கிறது. ஒரு வார வேறுபாடு உண்டு. ஆனால் நாள் குறிக்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நாள் குறிக்கப்பட்டவுடன் தானாக வலி வருவதற்கான காலம் சுருங்குகிறது. அந்நாள்வரை வலி வராதவர்க்கு அறுவையும் தூண்டலுமே எஞ்சுகின்றன. பெண்ணின் விருப்பத்திலிருந்து அல்லாமல் காலக்கணக்கிலிருந்தே இவ்விருவழித் தெரிவு பிறந்தது என இதனால் கொள்ளலாம்.

6. இரட்டையர் பிறப்பாய்வு

காலம் ஒருபுறம் குறுகிவர, வழி மறுபுறம் அறுவையை நோக்கிச் சாய்ந்தது. அமெரிக்க ஒன்றியத்தில் இரட்டையர் பேற்றில் சிசேரியன் 1995-இல் 53.4 விழுக்காடு, 2008-இல் 75.0 விழுக்காடு. இச்சாய்வுக்கு இரு ஆய்வுகள் வலுச்சேர்த்தன. டொராண்டோவின் மேரி அன்னா தலைமையில் 26 நாடுகளில் 2088 பெண்களிடம் நடந்து 2000-இல் வெளியான பிட்டநிலைப் பேற்றாய்வு, திட்டமிட்ட சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு எனக் கூறியது. அது இரட்டையர் பற்றியதன்று எனினும், இரண்டாம் இரட்டை பிட்டநிலையில் இருப்பது மிகுதியாதலால் அதன் நிழல் இங்கும் படிந்தது. 2002-இல் கார்டன் சுமித் குழுவினர் சுகாட்லாந்தின் 1992–1997 பதிவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், 36 வாரத்திற்குப் பின் நிகழ்ந்த 2436 இரட்டைப் பேறுகளில் பேற்றோடு தொடர்புடைய இறப்பு முதற்குழந்தைகளில் ஒன்றுமில்லை. இரண்டாம் குழந்தைகளில் ஒன்பது. பழைய ‘இரண்டாம் குழந்தைச் சிக்கல்’ எண்ணாக மீண்டும் எழுந்தது.

இந்நிலையில் டொராண்டோவின் ஜான் பாரெட் தலைமையில் ‘இரட்டையர் பிறப்பாய்வு’ தொடங்கிற்று. 2003 டிசம்பர் முதல் 2011 ஏப்ரல் வரை 25 நாடுகளின் 106 மையங்களில் 2804 பெண்கள் சேர்க்கப்பட்டனர். கருவின் வயது 32 வாரம் முதல் 38 வாரம் 6 நாள் வரை இருத்தலும், முதற்குழந்தை தலைகீழாக இருத்தலும் இன்றியமையாதவை. ஒரே பனிக்குட இரட்டையர் சேர்க்கப்படவில்லை. சமவாய்ப்பு முறையில் 1398 பேருக்குத் திட்டமிட்ட சிசேரியனும் 1406 பேருக்குத் திட்டமிட்ட பிறப்புவழிப் பேறும் ஒதுக்கப்பட்டன. இரு குழுவினர்க்கும் பேறு 37 வாரம் 5 நாளுக்கும் 38 வாரம் 6 நாளுக்கும் இடையில் திட்டமிடப்பட்டது. அதற்குள் வலி வராத இரண்டாம் குழுவினர்க்கு அது தூண்டப்பட்டது. 38 வாரம் 6 நாளுக்கு அப்பால் காத்திருத்தல் ஆய்வின் அமைப்பிலேயே இடம்பெறவில்லை என்பது முற்பகுதியின் வாதத்தை உறுதிசெய்கிறது.

2013 அக்டோபரில் முடிவு வெளியாயிற்று. குழந்தையின் இறப்போ கடும் நோயோ சிசேரியன் குழுவில் 2.2 விழுக்காடு, பிறப்புவழிக் குழுவில் 1.9 விழுக்காடு. இவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் பொருளுடையதன்று. இரண்டாம் குழந்தைக்கு முதற்குழந்தையைவிட இடர் மிகுதி என்பது இவ்வாய்விலும் உறுதிப்பட்டது. ஆனால் திட்டமிட்ட சிசேரியன் அவ்விடரைக் குறைக்கவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் குழந்தைகளின் வளர்ச்சியை நோக்கியபோதும் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒத்திருந்தன. தாய்மாரைப் பொறுத்தவரை, ஈராண்டுக்குப் பின் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லை சிசேரியன் குழுவில் 8.1 விழுக்காடாகவும் மற்றதில் 12.3 விழுக்காடாகவும் இருந்தது.

2017-இல் வெளியான பிரெஞ்சு நாடளாவிய பின்தொடர் ஆய்வு இச்சித்திரத்தை விரிவாக்கியது. 176 மகப்பேற்று நிலையங்களின் 5915 பெண்களில் நான்கில் மூவர் பிறப்புவழிப் பேற்றைத் திட்டமிட்டனர். அவர்களுள் 80 விழுக்காட்டினர் இரு குழந்தைகளையும் அவ்வழியே பெற்றனர். குழந்தைகளின் பாதகம் திட்டமிட்ட சிசேரியனில் 5.2 விழுக்காடு, மற்றதில் 2.2 விழுக்காடு. 37 வாரத்திற்கு முன் பிறந்தோரிடையேதான் இவ்வேறுபாடு காணப்பட்டது.

இவற்றைப் படிக்கும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இரட்டையர் பிறப்பாய்வு சிசேரியனையும் தூண்டலையும் நேரடியாக ஒப்பிடவில்லை. தானாக வலி வந்தோரும் தூண்டப்பட்டோரும் ஒரே குழுவில் இருந்தனர். இரண்டாவது, ஒப்பிடப்பட்டவை திட்டங்கள்; நிகழ்ந்த பேறுகள் அல்ல. பிறப்புவழிப் பேறு ஒதுக்கப்பட்டோருள் 43.8 விழுக்காட்டினர்க்கு இறுதியில் சிசேரியன் செய்யப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர், குழுவில் 4.2 விழுக்காட்டினர், முதற்குழந்தையைப் பிறப்புவழியிலும் இரண்டாம் குழந்தையை அறுவையிலும் பெற்றனர். வலியையும் அறுவையையும் ஒருங்கே ஏற்க நேர்ந்த இவர்களின் பட்டறிவு ‘வேறுபாடில்லை’ என்னும் ஒற்றைச் சொல்லில் மறைந்துபோகிறது.

7. முடிவின் அடித்தளம்: கைத்திறன்

பிறப்பாய்வின் மையங்களில் பிறப்புவழிப் பேற்றை நடத்தியோர், இரட்டையர் பேற்றில் தேர்ச்சியுடையோர் எனத் தாமும் தம் துறைத்தலைவரும் ஏற்ற மருத்துவர்கள். இரண்டாம் குழந்தை குறுக்காக இருந்தாலும் பிட்டநிலையில் இருந்தாலும் அதனைக் கையால் வெளிக்கொணர வல்லோர். பிரெஞ்சு ஆய்வின் பின்புலத்திலும் அத்தகைய பயிற்சி மரபு உண்டு. ஆகவே ‘இருவழிகளும் ஒத்தவை’ என்னும் முடிவு இந்நிபந்தனையோடு சேர்த்தே செல்லுபடியாகும்.

அந்நிபந்தனை இன்று தேய்ந்துவருகிறது. பிட்டநிலைப் பேற்றாய்வு வெளியான இரண்டு மாதங்களுக்குள் நெதர்லாந்தில் அந்நிலைக்கான சிசேரியன் 50-இலிருந்து 80 விழுக்காடாயிற்று. ஒற்றைக் குழந்தையின் பிட்டநிலைப் பேறு அருகியதும், அதில் பழகிய கைகள் இரண்டாம் இரட்டையைக் கையாளும் வாய்ப்பும் அருகிற்று. பாரேயின் காலத்தில் பொதுத்திறனாக இருந்தது, இரண்டாம் இரட்டைக்கு மட்டும் உரியதாகக் குறுகி, இப்போது அங்கும் பயில வாய்ப்பின்றித் தளர்கிறது. அறுவையை மிகுதியாகத் தெரிவுசெய்யும் மருத்துவமனையில் பயிலும் இளம் மருத்துவர் மறுவழியைக் காண்பதில்லை. காணாததை அவர் பரிந்துரைப்பதில்லை. தெரிவுகளில் ஒன்று தடைசெய்யப்படாமலேயே இல்லாமலாகும் முறை இது.

8. தெரிவு யாருடையது?

2015-இல் பிரித்தானிய உச்சநீதிமன்றம் மாண்ட்கோமரி எதிர் லனார்க்சயர் சுகாதார வாரியம் வழக்கில் தீர்ப்பளித்தது. அது இரட்டையர் வழக்கன்று. நீரிழிவுடைய கருவுற்ற பெண்ணிடம் பிறப்புவழிப் பேற்றில் குழந்தையின் தோள் சிக்கும் இடரும், சிசேரியன் என்னும் மாற்றும் எடுத்துக்கூறப்படவில்லை என்பது வழக்கு. எவ்விடரைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவச் சமூகத்தின் வழக்கம் தீர்மானிக்காது. அந்நிலையில் இருக்கும் நோயாளர்க்கு எது முக்கியமோ அதுவே அளவுகோல் என நீதிமன்றம் கூறிற்று. இதன் பின்னர் வந்த நைசு வழிகாட்டி, 2011-இன் முதற்பதிப்பில் இல்லாத பேற்றுமுறைப் பரிந்துரையைச் சேர்த்தது. 32 வாரம் கடந்த, சிக்கலற்ற, முதற்குழந்தை தலைகீழாக உள்ள, குழந்தைகளின் எடையில் பெரும் வேறுபாடில்லாத நிலையில் இருவழிகளும் பாதுகாப்பான தெரிவுகளே என்று பெண்ணிடம் விளக்க வேண்டும். பிறப்புவழியைத் திட்டமிடுவோரில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் சிசேரியனில் முடிவடைவர் என்பதையும் கூற வேண்டும் என அது வகுத்தது. 1974-இல் பெண்கள் எழுப்பிய குறைக்கு நாற்பதாண்டுகள் கழித்துக் கிடைத்த விடையென இதனைக் கருதலாம்.

தமிழகத்தோடு இதற்குள்ள தொடர்பு தெளிவானது. சென்னை எழும்பூரில் 1844-இல் தொடங்கிய மகப்பேற்று மருத்துவமனையின் மரபில் வந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று மருத்துவ நூல் 1938 முதல் பல பதிப்புகள் கண்டு, பல தலைமுறை மாணவர்க்குப் பாடமாயிற்று. கையால் அறிந்து கையால் தீர்க்கும் மருத்துவம் இங்கும் கற்பிக்கப்பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் சிசேரியன் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. இந்திய அளவில் 21.5. இவை எல்லாப் பேறுகளுக்குமானவை. மாநில அறிக்கைச் சுருக்கத்தில் இரட்டையர் தனித்துக் காட்டப்படவில்லை. எனினும், ஒற்றைக் குழந்தைக்கே அறுவை இத்துணை வழக்கமான இடத்தில், இரட்டையரைச் சுமக்கும் பெண்ணிடம் ‘எது வேண்டும்?’ எனக் கேட்கும் முன்னர், இரண்டாம் குழந்தையை வெளிக்கொணரத் தெரிந்தவர் அன்று பணியில் இருப்பாரா என்பதைச் சொல்வது நேர்மையான இசைவின் பகுதியாகும்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் வருமாறு:

1. சிசேரியனும் தூண்டலும் இரட்டையருக்காகத் தோன்றியவை அல்ல. இரண்டும் குறுகிய இடுப்பெலும்பு என்னும் ஒரே சிக்கலிலிருந்து தொடங்கி, 20ஆம் நூற்றாண்டில் திட்டமிடத்தக்க முறைகளாயின.

2. மீயொலிப் படம் இரட்டையரை முன்கூட்டி அறிவித்தது; காலம் பற்றிய ஆய்வுகள் காத்திருத்தலை வரம்புக்குட்படுத்தின. இவ்விரண்டின் கூட்டு விளைவே இன்றைய இருவழித் தெரிவு.

3. தூண்டல் ஒரு தலைமுறைக் காலத்தில் ‘தலையீடு’ என்னும் பக்கத்திலிருந்து ‘இயல்பு’ என்னும் பக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. ஒப்பிடப்படும் பொருள் மாறியதே காரணம்.

4. முதற்குழந்தை தலைகீழாக உள்ள சிக்கலற்ற நிலையில் இருவழிகளும் குழந்தைக்கு ஒத்த பாதுகாப்புடையவை என்னும் 2013-இன் முடிவு, கைத்திறன் வாய்ந்தோர் உடனிருத்தலை நிபந்தனையாகக் கொண்டது.

இவற்றுள் நான்காவது முடிவு தமிழகத்தில் மேலும் ஆராயத்தக்கது. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைப் பதிவேடுகளில் இரட்டையரின் கிடப்பு, பேற்று முறை, இரு குழந்தைகளுக்கிடையிலான நேரம், பேறு பார்த்தவரின் தகுதி ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், இரண்டாம் குழந்தையைக் கையால் வெளிக்கொணரும் திறன் எப்போது, எங்கே அருகத் தொடங்கிற்று என்பதை அறியலாம். அத்திறனை மீளப் பயிற்றுவிக்கும் முயற்சிக்கும் அத்தரவு அடிப்படையாகும்.